கன்னம் சிவந்த ரோதமுனி

பேய், முனி, காத்துக் கறுப்பு என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். சாமி கும்பிடுவேன், அது வேறு. சாமி கல்லை விட்டு இறங்கி வந்து வேலை செய்யும் என்று என் வாழ்நாளில் நம்பியதில்லை. இதைப் படிக்கிற நீங்களும் பாதியில் சிரிப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை இருந்து சிரியுங்கள்.

ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் போகிற பாதையில் எங்கள் தோட்டம். தேயிலை ஃபேக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஸ்டோரை மூடுகிறவரைக்கும் அங்கே சல்லடையில் வேலை செய்தவள் நான். என் கை சலித்த தூளில் ஒரு குச்சியைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று ஸ்டோரை நடத்துகிற டீமேக்கரிடமே சொல்லியிருக்கிறேன், அவரும் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். மூடின பிறகு மெஷினையெல்லாம் கேஸ் வைத்து அறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது சுவர் இருக்கிறது, தகரக் கூரை இருக்கிறது, சிமெண்டுத் தரையில் கொழுந்தை அரைக்கிற ரோதை மெஷின்கள் நின்ற இடங்களில் ஆணி அடித்த குழிகள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

பின்னால், எஞ்சின் இருந்த மூலையில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். அதுதான் ரோதமுனி. ரோதை ஓடின காலத்தில் யாருடைய கையும் அதில் போய்விடக்கூடாது என்று வருஷா வருஷம் கிடாய் வெட்டி, சுருட்டு வைத்துக் கும்பிடுவோம். ரோதை போன பிறகு அந்தக் கல்லை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காக்கிறதுக்கு ஒன்றுமில்லாத இடத்தில் காவல் எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த ஸ்டோரின் முன்பக்கத்து அறைகளைச் சுத்தம் பண்ணி, பெயின்ட் அடித்து, பிள்ளைக் காம்பராவாக மாற்றித் தருகிறோம் என்றுதான் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போக நல்ல இடமில்லாமல் இருந்தது, அதனால் எல்லோருக்கும் சந்தோஷம். அவர்களைக் கூட்டிவந்தவர் சுனில் என்ற சிங்கள வேன்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். பாதி நாள் கடலில் குளிப்பார்களாம், மீதி நாள் இப்படி எங்காவது வந்து வேலை செய்து கொடுப்பார்களாம், பிறகு மறுபடியும் கடலாம். சமைத்துப் போடுகிற பொறுப்பு எனக்கு வந்தது. எனக்குத் தாங்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏன் தம்பி, லீவுக்கு வந்த புள்ளைங்க எதுக்கு எங்க செவத்த தேய்க்குதுங்க?"

"சும்மா குளிச்சிட்டே இருந்தா அவங்களுக்கு வெக்கமா இருக்காம் ஆச்சி" என்றார் சுனில்.

அவர் ஆச்சி என்று கூப்பிட்டதைக் கேட்டு அந்தப் பிள்ளைகளும் என்னை ஆச்சி என்றே கூப்பிட்டார்கள். அதில் கிளாரா என்று ஒருத்தி. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, பையைத் திறந்தால் கடல் மண் கொட்டும். வேலைவிட்டு மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது இவள் மட்டும் என் அடுப்புப் பக்கத்தில் வந்து காலை மடக்கி உட்கார்ந்துகொள்வாள். தேங்காய் துருவுகிறேன் என்று விரலைத் துருவிக்கொண்டாள். சம்பலைத் தின்று கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட இன்னும் வேண்டும் என்று தட்டை நீட்டுவாள். ஒருநாள் போனில் அவளுடைய அம்மாவைக் காட்டினாள். அந்த அம்மா என்னைப் பார்த்து என்னவோ சொல்லி, கை கூப்பினார். பாஷை புரியாவிட்டால் என்ன, பெற்றவள் கை கூப்பி வேறு எதைச் சொல்லப்போகிறாள், என் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதைத் தவிர.

பெயின்ட் வேலை முடிகிற நாளில் என் கொழுந்தன் முத்தையா ஓடிவந்தார். தோட்டத்துக் கோயில் காரியமெல்லாம் பார்க்கிறவர் அவர்தான்.

"மதினி, வந்து பாருங்க. முனிக்குப் பவுடர் போட்டு வச்சிருக்காளுக."

போய்ப் பார்த்தேன். சும்மா கிடக்கிற கல் என்று நினைத்து, மிஞ்சின பெயின்டில் கிளாரா அதற்கு முகம் எழுதியிருக்கிறாள். மஞ்சள் முகம், நீள நீளமாகக் கண்ணிமை, ரோஸ் கன்னம், காதுவரைக்கும் சிரிப்பு. கிடாய் கேட்ட முனி கல்யாண வீட்டுக்குக் கிளம்பின மாதிரி நின்றது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதீங்க மதினி. மண்ணெண்ண போட்டுத் தொடச்சிருவோம். இல்லாட்டி யாரையாச்சும் தூக்கிரும்."

"நீ கடைசியா எப்ப இதுக்குச் சூடம் கொளுத்துன?"

முத்தையா கூரையைப் பார்த்தார்.

"அங்க எழுதியா வச்சிருக்கு?" என்றேன்.

சுனில் விஷயத்தைச் சொன்னதும் கிளாரா அழுதுவிட்டாள். உடனே துணியை எடுத்துக்கொண்டு துடைக்கக் குனிந்தாள். நான்தான் கையைப் பிடித்தேன். நாம் யாரும் ஒரு விளக்குக்கூட வைக்காத கல்லுக்கு இந்தப் பிள்ளை முகம் வைத்திருக்கிறது, இருக்கட்டும் என்றேன். சொன்னது நான். அதனால்தான் மறுநாள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மறுநாள் அவர்களுக்கு இங்கே கடைசி நாள், விடிந்தால் திருகோணமலைக் கடலுக்குப் போக வேண்டும். ரிவர்ஸ்டன் மலை உச்சியைப் பார்த்துவிட்டு, காடாகிப் போன பழைய தேயிலை மலை வழியாக நடந்தே இறங்குகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனி இறங்கியது. எங்கள் பக்கத்துப் பனியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது, நீட்டின கை நமக்கே தெரியாது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஸ்டோர் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள், கிளாரா வரவில்லை. முன்னால் போனவர்கள் அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"போன் போகுதில்ல ஆச்சி" என்றார் சுனில்.

அந்த மலையில் ஒரு பக்கம் பள்ளம். கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் கேட்காது, அவ்வளவு ஆழம். எங்கள் லயத்து ஆம்பிளைகள் டோர்ச்சும் தகரமும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். தகரத்தைத் தட்டுகிறார்கள், பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எல்லாம் பனிக்குள் போய் அமுங்கிவிடுகிறது. பொழுது சாய ஆரம்பித்தது. முத்தையா என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் அப்பவே சொன்னேன்ல மதினி."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார். எனக்கு அந்தக் கை கூப்பின அம்மாதான் கண்ணுக்குள் நின்றார். அவருக்கு யார் போன் எடுப்பது, எடுத்து என்னவென்று சொல்வது.

ஒன்றும் யோசிக்காமல் ஸ்டோருக்குள் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை பிடிக்கத்தான் போனேன். கல் அந்த அரை இருட்டில் காதுவரைக்கும் சிரித்துக்கொண்டு நின்றது. கையில் சுருட்டு இல்லை, சூடம் இல்லை. மடியில் கிடந்த வெற்றிலையை எடுத்து அதன் முன்னால் வைத்தேன்.

"கோவம்னா என்மேல காட்டு. அவ ஊரு விட்டு ஊரு வந்த புள்ள, தெரிஞ்ச அழக ஒனக்குச் செஞ்சா. ரோதையில ஒரு கைய விடாமக் காத்தியே, இந்தப் புள்ளையக் காக்க மாட்டியா?"

முதலில் சத்தம் இல்லை, கால்தான் உணர்ந்தது. தரை லேசாக அதிர்ந்தது. பிறகு பெல்ட் தட்டுகிற சத்தம், அதற்குப் பிறகு ரோதை. சுற்றிப் பார்க்கிறேன், ஒன்றும் அசையவில்லை, அசைய அங்கே என்ன இருக்கிறது, வெறும் குழிகள். ஆனால் சத்தம் முழு ஸ்டோரையும் நிறைத்துக்கொண்டு கேட்கிறது, நான் இத்தனை வருஷம் கேட்ட அதே சத்தம், பெரிய மாடு அசைபோடுகிற மாதிரி. நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயமே வரவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்றுதான் தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

அது நின்றபோது, தேயிலை வறுக்கிற டிரையர் இருந்த பக்கத்துப் பின்வாசலில் கிளாரா நின்றாள்.

காலில் செருப்பு இல்லை, அட்டை கடித்து முழங்கால்வரை இரத்தம். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். நான் சத்தம் போட்டதில் முத்தையாவும் சுனிலும் ஓடிவந்தார்கள். மேலே தேடப் போனவர்களைக் கூப்பிட ஆள் போனது. ரோதைச் சத்தம் கேட்டதா என்று பிறகு எல்லோரையும் கேட்டேன். வாசலில் நின்ற முத்தையாவுக்குக் கேட்கவில்லை, சுனிலுக்குக் கேட்கவில்லை, மலையில் நின்ற ஒருவருக்கும் கேட்கவில்லை. கிளாராவுக்கு மட்டும் கேட்டிருக்கிறது. பள்ளத்துப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தாளாம், மெஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டதும் திரும்பி, அதையே பிடித்துக்கொண்டு இறங்கினாளாம்.

அதையாவது நானும் கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன். இனிச் சொல்வதைத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவ்வளவு நேரம் பனியில் கிடந்தவளின் கை ஐஸாக இருக்க வேண்டும். சூடாக இருந்தது, டிரையர் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த கை மாதிரி. அவள் கடற்கரைக்குக் கட்டுகிற பூப்போட்ட துணியை நெற்றியை மூடிப் பின்னால் முடிச்சுப் போட்டுத் தலையில் கட்டியிருந்தாள். தூசி முடியில் படாமல் இருக்கச் சல்லடையில் நாங்கள் கட்டுகிற கட்டு அது. நான் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. அவிழ்த்தேன். துணியிலிருந்து பொன் நிறத்தில் தேயிலைப் பஞ்சு உதிர்ந்தது. மோந்து பார்த்தேன். அன்றைக்கு வறுத்த தேயிலை.

"யாருடா கண்ணு கட்டிவிட்டா?" என்றேன். சுனில் கேட்டுச் சொன்னார்.

"உள்ளுக்குப் பொம்பளைங்க இருந்தாங்களாம் ஆச்சி. குளிருதுன்னு நெருப்புப் பக்கம் நிக்க வச்சாங்களாம். மூக்கப் பாத்துச் சிரிச்சாங்களாம். அவங்கதான் தலைக்குக் கட்டினாங்களாம்."

முத்தையா அந்தக் கல்லுக்கு முன்னால் அப்படியே விழுந்தார். இப்போது செவ்வாய், வெள்ளி தவறாமல் சூடம் கொளுத்துகிறார், கன்னத்தில் பெயின்ட் உரிந்தால் அதே ரோஸ் நிறத்தைத் தேடி மாத்தளை டவுனுக்குப் போகிறார். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் அதற்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகின்றன. கிளாரா மறுநாள் கடலுக்குப் போனாள், அங்கிருந்து படம் அனுப்பினாள், மூக்கு மறுபடியும் உரிந்திருந்தது. அவளுடைய அம்மா போனில் என்னைப் பார்த்து நெடுநேரம் அழுதார், நானும்தான்.

கடலுக்குக் கிளம்பின அன்றைக்கு வேனில் ஏறும்முன் கிளாரா சுனிலிடம் இன்னொன்றும் கேட்டாள். அந்தப் பெண்கள் ஒரு காலி இடத்தைக் காட்டி, ஒரு பேரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம், அது யார் என்று.

"என்னா பேராம்?" என்றேன்.

சுனில் சொல்வதற்குள் அவளே சொன்னாள், ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்துப் பிடித்து. "பாக்கியம்."

சுனில் யார் என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு நான் ஆச்சி. முத்தையாவுக்கு மதினி, அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தில் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் என்னோடு சல்லடையில் நின்றவர்கள் மட்டும்தான், அவர்களில் இப்போது ஒருத்தியும் உயிரோடு இல்லை. எந்த இடத்தைக் காட்டினார்கள் என்று கேட்டேன். கிளாரா உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஜன்னலுக்குப் பக்கத்துத் தூணின் இடது பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

சல்லடையில் நான் நின்ற இடம்தான். அங்கே வேறு யாரும் நிற்கவில்லையாம், விட்டு வைத்திருந்தார்களாம். கோபமாகச் சொன்னார்களா என்று கேட்கச் சொன்னேன். இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்களாம், கொஞ்சம் பிந்தி வருகிறவளைப் பற்றிப் பேசிக்கொள்கிற மாதிரி.