நெய்வேலிக்குச் சொல்லாமல் போனது

நெய்வேலிக்கு எப்படிப் போவது, ஒரு நாள் தங்கினால் பார்க்க என்ன இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சுரங்கம் இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன, நேர்கோடாகப் போட்ட தெருக்கள் இருக்கின்றன. எனக்கு அந்த ஊர் என்றால் வேறொன்றுதான் ஞாபகம் வரும். அறுபதுகளின் தொடக்கத்தில், தை மாதம், ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுக் கப்பலில் வந்து இறங்கிய கையோடு அங்கே போனேன். "பெத்தவளைப் பாக்காம சிநேகிதனைப் பாக்க ஓடுறியே" என்று சென்னையில் சித்தப்பா திட்டினார். மதுரையில் அம்மா காத்திருந்தாள்தான். இருந்தாலும் என் பெட்டியில் இன்னொரு அம்மா கொடுத்தனுப்பிய தகர டப்பா இருந்ததே.

அந்த இன்னொரு அம்மாவின் மகன் டீட்டர். கொலோன் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்பள்ளியில் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்த மேசை. போன புதிதில் ஆறு மாதம் எனக்குப் பேச ஆளில்லை. வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். குளிருக்குக் கம்பளி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஒன்றும் கிடைக்காது.

அப்படி ஒரு ஞாயிறு மதியம், நம் ஊர் வழக்கப்படி, சொல்லாமல் கொள்ளாமல் டீட்டர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். அவன் அம்மா திகைத்து நின்றுவிட்டார். உள்ளே மேசையில் ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கு என்று எண்ணி வைத்திருந்தார்கள். டீட்டர் தன் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து எனக்கு வைத்தான். மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, "எங்கள் ஊரில் கேட்டுவிட்டு வர வேண்டும்" என்றான். எனக்கு மானம் போய்விட்டது. "எங்கள் வீட்டில் ஓர் ஆள் சோறு எப்போதும் கூடவே வடிப்போம்" என்றேன் வீம்பாக.

"யாருக்கு?"

"தெரியாது. வருகிறவருக்கு."

அந்தப் பதில் அவனுக்கு எப்படியோ பிடித்துப்போனது. வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறான். அடுத்த ஞாயிறிலிருந்து அவன் அம்மா இரண்டு கிழங்கு கூடுதலாக வேகவைத்தார். அதன்பிறகு ஜெர்மனி எனக்கு அந்நிய ஊராக இல்லை. படிப்பு முடிந்ததும் நிலக்கரி வெட்டும் இயந்திரத்தைப் பொருத்தும் குழுவில் அவனை நெய்வேலிக்கு அனுப்பினார்கள். எனக்கு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ரயிலடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, "நீ அங்கே சொல்லாமல்தான் வர வேண்டும்" என்றான். அதனால்தான் அவனுக்குச் சொல்லாமல் போனேன்.

எழும்பூரில் காலை ஏழு மணிக்கு வண்டி. விழுப்புரத்தில் மாறி, பண்ருட்டியில் இறங்கும்போது மணி இரண்டு. அங்கிருந்து பதினான்கு மைல், பஸ்ஸுக்கு அரை ரூபாய். (அந்தக் காசுக்கு இன்றைக்கு டீயை மோந்துகூடப் பார்க்க முடியாது.) வழியில் எங்கும் சாப்பிடவில்லை. டீட்டர் என்ன வைத்திருப்பான் பார்ப்போம் என்று வயிற்றைக் காயப் போட்டிருந்தேன்.

"மைன்ஸா, குவார்ட்டர்ஸா?" என்றார் கண்டக்டர். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி என்றதும் வாசலிலேயே இறக்கிவிட்டார்.

விடுதிக் காவலாளியிடம் பெயரைச் சொன்னேன். அவர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அவருக்கு என்ன வேணுங்க?"

"சிநேகிதன்."

"பொங்கலுக்கு முந்தி காய்ச்சல் கண்டு போயிட்டாருங்க. கடலூர்ல அடக்கம் பண்ணாங்க. அவங்கம்மாவுக்குத் தந்தி குடுத்தாங்க."

நான் அப்போது நடுக்கடலில் இருந்திருப்பேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் கொடுத்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த எனக்குத் தெரியாது. படியில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. காவலாளி தண்ணீர் கொடுத்துவிட்டு, "பக்கத்து ஊரு வடக்குத்துல கோவிந்தன் வூட்டுக்குப் போய்ட்டுப் போங்க. தொர எந்நேரமும் அங்கதான் கெடப்பாரு" என்றார்.

மூன்று மைல், நடந்தே போனேன். கோவிந்தன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். டீட்டருக்குக் கீழே வேலை பார்த்தவர். இன்னும் ஷிப்ட் முடிந்து வரவில்லை. அவர் மனைவி அஞ்சலைதான் இருந்தார். யார் எவர் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டைக் கழுவி எடுத்து வந்துவிட்டார்.

"மொதல்ல சாப்புடுங்க. அப்பறம் பேசலாம்."

"இல்லீங்க, திடீர்னு வந்துட்டேன். உங்களுக்குச் சிரமம்."

"ஒரு செரமமும் இல்லீங்க. தொர சொல்லிக்கினா வருவாரு? ஷிப்ட் முடிஞ்சி அவர் பாட்டுக்கு வந்து ஒக்காந்துகினு 'சோறு இருக்கா'ன்னுவாரு. அவருக்குன்னு ஒரு ஆள் சோறு கூட வடிச்சிப் பழகிட்டேன். போயி இத்தினி நாளாச்சி, கை கேக்க மாட்டேங்குது. இன்னிக்கும் வடிச்சிட்டேன். அதாங்க இது."

சோறும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். யாருக்கு வடித்த சோறு என்று தெரிந்து எப்படி மிச்சம் வைப்பது?

டப்பாவைத் திறந்தேன். பீட்ரூட் மாதிரி ஒரு சர்க்கரைக் கிழங்கைக் காய்ச்சி எடுத்த கறுப்புப் பாகு. அஞ்சலை விரலில் தொட்டுப் பார்த்தார். "இதானா? கேவுரு களிக்கு நான் வெல்லப்பாகு ஊத்துனா, 'எங்கம்மா பாகு இன்னும் கறுப்பா இருக்கும்'னு சொல்லிக்கினே துண்ணுவாரு" என்றார். அப்புறம் அவரும் அழுதார். கோவிந்தன் வந்ததும் ஒரு கிண்ணம் பாகை விளக்குக்கு முன் வைத்துக் கும்பிட்டார்கள். மீதியைத் தெருப்பிள்ளைகள் நக்கித் தீர்த்தார்கள்.

இனி, போகிறவர்களுக்கு. பண்ருட்டி வழியே போங்கள். வெயிலுக்கு முன்பே ஊரைச் சுற்றிவிடுங்கள். சுரங்கம் பார்க்க முன்கூட்டியே அனுமதி வேண்டும், வெள்ளைச் சட்டை வேண்டாம். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகளே, அந்த ஊர் வழக்கப்படி கேட்டுவிட்டே ஒரு வீட்டுக்குப் போங்கள், ஆனால் போங்கள். அறையிலேயே அடைந்து கிடக்காதீர்கள்.

முன்னாலேயே எழுதிக் கேட்டிருந்தால் அலைந்திருக்க வேண்டாமே என்று சித்தப்பா பின்னால் சொன்னார். வாஸ்தவம்தான். விஷயம் தெரிந்து நேரே மதுரைக்கு ரயில் ஏறியிருப்பேன். அஞ்சலை அன்றைக்கு வடித்த சோறு அப்படியே இருந்திருக்கும்.

அதன்பிறகு எத்தனையோ தடவை வடக்குத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு தடவைகூட எனக்குச் சோறு இல்லாமல் போகவில்லை.