சுருளியம்மாவும் உறையாத தயிரும்

போடிக்கு ரயில் வராத காலம். மலைமேல ஏலத்தோட்டத்துக் கூலிக்காரங்க வரிசைவீட்டு லயத்துல சுருளியம்மா தயிரை ஒருத்தரும் குறை சொன்னதில்ல. சொல்லத்தான் விட்டுருவாளா, அந்த வாய்க்காரி? சாயங்காலம் உறை ஊத்துனா விடியறப்ப கத்தி போட்டு அறுக்கலாம். அந்த வருச ஆவணியிலதான், ஏலக்காயைச் சூட்டுல உலத்துற கட்டடத்தை ஒட்டின வீட்டுக்குக் குடிமாறுனா. மகனுக்குச் செல்லக்கிளியைக் கட்டிவச்சதும் அதே மாசம்.

தை பாதியில தயிர் கெட்டுச்சு. உறை ஊத்தி மறுநாள் உச்சிப்பொழுதாகியும் பால் பாலாவே கிடக்கு. சுருளி லேசுல விடுற ஆளா? அடுத்த வீட்டு உறைமோரை வாங்கி ஊத்திப் பாத்தா. புதுச்சட்டி மாத்துனா. மாட்டுக்குத் தீவனத்தை மாத்துனா. ஒண்ணும் தேறல. கடைசியில கண்ணு மருமக மேல போச்சு.

"வீட்டுக்கு விலக்கான நாள்ல சட்டியைத் தொட்டியாடி?"

"தொடல அத்தே."

சூடத்தைக் கொளுத்தி, அணைச்சுச் சத்தியம் பண்ணுன்னா. அந்தப் புள்ள உள்ளங்கை கொப்புளிக்க அணைச்சுச்சு. அதையும் நம்பல. மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க. தீட்டுக்கைக்காரின்னு லயம் பூராச் சொல்லித் திரிஞ்சு, மலையடியில தேவாரம்கிற ஊர்ல இருந்த தாய்வீட்டுக்கே அனுப்பிட்டா.

மருமக போயும் தயிர் உறையல.

ஒருநாள் காலையில சட்டியை எடுக்கக் குனிஞ்சப்ப கை சுவத்துல பட்டுச்சு. சில்லுன்னு இருந்துச்சு. மார்கழிக் குளிருக்கு வெதுவெதுன்னு முதுகைச் சாய்ச்சு உக்காந்த சுவரு அது. சுவத்துக்கு அந்தாண்ட, காய் உலத்துற கட்டடத்துல அடுப்பெரிக்கிற மொக்கையனைத் தேடி ஓடுனா.

"அண்ணே, அந்தப் பக்கம் அடுப்பு எரியலையா?"

"காய்தான் முடிஞ்சு போச்சே தாயி. தைப்பூசத்தோட அணைச்சாச்சு."

தயிர் கெட்டதும் அதே பூசத்தோடதான். அன்னைக்கே ஒரு சட்டியை, பழைய வீட்டுல குளிர்காலத்துக்கு வைக்கிற மாதிரி சாக்கு சுத்தித் தன் வீட்டு அடுப்போரம் வச்சா, இன்னொண்ணைச் சுவரோரம் வச்சா. அடுப்போரத்துச் சட்டிதான் கெட்டியா உறைஞ்சுச்சு. சுருளிக்குச் சோறு இறங்கல. பாவி நான், அறியாப்புள்ள கையைச் சுட்டுட்டேனேன்னு வாய்விட்டு அழுதா. யார் யார்கிட்டச் சொல்லித் திரிஞ்சாளோ, அவங்க வாசலுக்கெல்லாம் போயி, "புள்ள மேல தப்பில்ல, என் புத்திதான் கெட்டுப்போச்சு"ன்னா.

அப்புறம் தயிர்ச்சட்டியைத் தலையில வச்சுக்கிட்டு, மலையிறங்கித் தேவாரம் போனா.

"தப்பு என்னோடது ஆத்தா. வீட்டுக்கு வா. இந்தா, இதைப் பிடி"ன்னு சட்டியை நீட்டுனா.

செல்லக்கிளி ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிட்டா.

"நான் தொடல அத்தே."