மணிக்கட்டில் கட்டிய சிவப்புக் கயிறு

நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டு மீனா சாஃப்ட்பாலில் பந்து வீசுபவள். ஆவடி மைதானத்தில் அன்று நன்றாக வீசினால் மாவட்ட அணியில் எடுப்பார்கள். கோயிலில் வாங்கிய சிவப்புக் கயிற்றை நான்தான் அவள் வலது கையில் கட்டிவிட்டேன்.

முதல் பந்துக்கு முன்பே நடுவர் அம்மா கையைத் தூக்கி, "டைம்!" என்றார். வீசுகிற கையில் கயிறு இருக்கக்கூடாதாம். மீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

"இன்னாம்மா, சாமி கயிறு உன்னை இன்னா பண்ணுச்சு? அறுத்துடாத!"

"அறுக்க மாட்டேன் ஆயா. கையில சிவப்பா ஆடுனா, எதிர்ல பேட் புடிக்கிற பொண்ணுக்குப் பந்து சரியா தெரியாது. அதுவும் ஒரு ஊட்டுப் புள்ளதானே?"

எல்லோரும் காத்திருக்க, அவர் நகத்தால் முடிச்சை அவிழ்த்து என் கையில் கட்டினார். "இப்ப கோட்டுக்கு வெளிய போங்க ஆயா. அதுவும் ரூல்தான்."

மீனா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடே வீசினாள். அணியிலும் எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் சாமி கும்பிடும்போது, எதிரே பேட்டோடு நின்ற அந்தப் பெண்ணையும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த ஆட்டத்துக்கு மீனாவுக்கு இடது கையில் கட்டலாமா, அதற்கும் ரூல் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.