மட்டன் ரோலும் அன்புக்கரசியின் பேரும்

கடையின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவோம். லபக்கோ. தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், சிவப்பு போர்டு மாட்டிய ரோல் கடை. இதைச் சொல்ல என்ன தயக்கம் என்று கேட்பீர்கள். அந்த ஒரு வாரம் முழுக்க டிவிக்காரன், பேப்பர்காரன், யூடியூப்காரன் என்று ஒருத்தன் வாயிலிருந்தும் அந்தப் பெயர் வரவில்லையே! ‘தி. நகரில் உள்ள பிரபல உணவகம்’ என்றார்கள். அத்தனை பிரபலமான கடைக்குப் பெயர் மட்டும் இல்லாமல் போய்விட்டது. பெயர் இருந்தது அன்புக்கரசிக்குத்தான்.

அன்புக்கரசி லபக்கோவில் பில் போடுகிறவள். வயது இருபத்தெட்டு. பிறந்தது சைதாப்பேட்டையில், அடையாற்றங்கரையில். பெருவெள்ளம் வந்து வடிந்த மறு வருஷம் அங்கிருந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். ஏழாவது மாடியில் வீடு, வாரத்தில் நாலு நாள் ஓடாத லிஃப்ட். ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அப்பா பஞ்சாட்சரம் இரண்டே வருஷத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவள் காலேஜை விட்டுவிட்டுத் தபால் வழியில் பி.காம். முடித்தாள். அம்மா செண்பகம் மயிலாப்பூரில் பங்கஜம் மாமி வீட்டில் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தாள். இரண்டு பேரும் விடிந்தும் விடியாமலும் ஒரே பஸ் பிடிப்பார்கள்.

லபக்கோவுக்கு வருவதற்கு முன்னால் நாலு வருஷம் அவள் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள். உட்கார முக்காலி போடவேண்டும் என்று சட்டம் வந்தது, முக்காலியும் வந்தது, அதில் உட்காரத்தான் ஒருத்திக்கும் நேரம் விடவில்லை. அந்த நாலு வருஷமும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏம்மா’, ‘இந்தாம்மா’, ‘அந்தப் பச்சைச் சேலைய எடு.’ லபக்கோவில்தான் சட்டையில் பெயரோடு பேட்ஜ் கொடுத்தார்கள். பில்லின் அடியிலும் ‘கேஷியர்: அன்புக்கரசி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகும். முதல் நாள் ஒரு பில்லைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள். செண்பகத்துக்குப் படிக்கத் தெரியாது. இருந்தும் அதை ஜன்னல் பக்கம் பிடித்து, அந்த வரி எங்கே இருக்கிறது என்று கேட்டு விரலால் தடவிப் பார்த்தாள்.

இப்போது கறிக்கு வருவோம். அங்கே சிக்கன் ரோல் நூற்று நாற்பது, மட்டன் ரோல் இருநூற்று இருபது. கறியைக் கொத்தி, மசாலா போட்டு, சிவக்கச் சிவக்கப் பொட்டலம் கட்டி எங்கிருந்தோ வண்டியில் அனுப்புவார்கள். பொட்டலத்துக்கு மேல் எந்த ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதோ அதுதான் கறி. ஒரு நாள் மிஞ்சிப்போன மட்டன் ரோலை ஊழியர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு வாய் கடித்ததுமே அன்புக்கரசிக்குத் தெரிந்துவிட்டது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ வாங்கி ஒரு வாரம் அதன் ருசியைப் பேசிக்கொண்டே ஓட்டுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு ஆட்டுக்கறி தெரியாதா? கோழியும் சோயாவும் கலந்து அரைத்த மாவு அது. மானேஜர் பாலகணேஷிடம் போய்ச் சொன்னாள்.

“உனக்கு எதுக்கும்மா அதெல்லாம்? உன் வேலை பில் போடறது. அதைப் பாரு,” என்றார் அவர்.

அவள் பார்த்தாள். ஆறு மாதம் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டது தப்புதான், அதை அவளே சொல்வாள். ஆனால் பதினான்காயிரம் ரூபாய்ச் சம்பளக்காரி வாயைத் திறந்தால் மறுநாள் அந்தக் கல்லாவில் வேறொருத்தி நிற்பாள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

கடைசியில் கண்டுபிடித்தது சண்முகசுந்தரம். உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர், ஆட்டுக்கறியில் ஊறிய நாக்கு. மகள் வாங்கி வந்த ரோலைக் கடித்துப் பார்த்தவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். நியாயமான கோபம். மிச்சத்தை டப்பாவில் போட்டுப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, பணம் கட்டி, ‘ஆட்டிறைச்சி துளியும் இல்லை, கோழியும் சோயாவும்’ என்று எழுத்தில் வாங்கினார். அந்தச் சான்றையும் பில்லையும் ஃபேஸ்புக்கில் போட்டார். இதுவரை எல்லாம் சரி.

அதற்கப்புறம்தான் அக்கிரமம். ஒரு செய்திச் சேனல் அந்தப் பில்லைத் திரை முழுக்கக் காட்டியது. மேலே இருந்த லபக்கோ என்கிற எழுத்தை மட்டும் கலங்கடித்து மறைத்துவிட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வருமாம், பயம்! அடியில் இருந்த ‘கேஷியர்: அன்புக்கரசி’ பளிச்சென்று அப்படியே நின்றது. அதை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவள் எந்த வக்கீலை அனுப்பப்போகிறாள்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு ஊர் சும்மா இருக்குமா? காலையில் கோழியாக இருந்தது மத்தியானத்துக்குள் பூனை ஆயிற்று, மறுநாள் நாய் ஆயிற்று. கே.கே. நகரில் தெருநாய்கள் குறைந்துவிட்டன என்று ஒருத்தன் சத்தியம் பண்ணி ஆடியோ அனுப்பினான். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக எல்லாம் அன்புக்கரசியிடம் வந்து நின்றது. இன்ஸ்டாகிராமிலிருந்து அவள் போட்டோவை உருவிப் பூனைக் காது ஒட்டினார்கள். ‘இவளையெல்லாம் உள்ளே தள்ளணும்’ என்றான் ஒருத்தன். ‘ஆத்தோரத்துக் கும்பலுக்கு வேலை குடுத்தா இப்படித்தான்’ என்றான் இன்னொருத்தன். ரோல் கடைக்காரனை அதட்ட ஒருத்தனுக்கும் துப்பில்லை, ஆறு பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் படத்துக்குக் காது ஒட்டத் தெரிகிறது.

பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்கள் அவளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அவள் பேட்ஜைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வேலைக்குப் போன செண்பகத்தைப் பங்கஜம் மாமி வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“கொஞ்ச நாள் நீ வர வேண்டாம் செண்பகம். ஆத்துல பெரியவா இருக்கா, பூஜை புனஸ்காரம்னு இருக்கு. உன் பொண்ணைப் பத்தி ஊரே பேசிண்டிருக்கு,” என்றாள்.

பதினோரு வருஷம் தேய்த்த பாத்திரம். மட்டனே நுழையாத வீட்டில், மட்டன் ரோலில் மட்டன் இல்லாததற்காக வேலை போனது. செண்பகம் மத்தியானமே வீடு திரும்பி மகளுக்குப் போன் போட்டாள்.

“இன்னாடி இது? டிவில ஒம் பேர போட்டுக்கினே கீறானுங்களாம். எதிர் வூட்டுக்காரி நெருப்பு இல்லாம பொகையுமான்றா. நீ இன்னாடி பண்ண?”

“நா இன்னாம்மா பண்ணேன்? பில்லு போட்டேன்.”

அன்று சாயங்காலம் அவள் நேரே சண்முகசுந்தரத்தின் ஜவுளிக்கடைக்குப் போனாள். கல்லாவில் உட்கார்ந்திருந்தவரிடம் தான் யார் என்று சொன்னாள். அவர் திடுக்கிட்டு எழுந்தே விட்டார்.

“ஐயா, நீங்க பண்ணது தப்புன்னு சொல்ல வரல. அந்தப் பில்ல போடச்சொல்லோ எம் பேர மட்டும் கட்டைவெரலால மறச்சிருக்கக் கூடாதா?”

“ஏம்மா, ஒன்னையா நான் சொன்னேன்? கடைக்காரனைல்லா சொன்னேன்,” என்று அவர் தடுமாறினார். “நான் அந்தப் போஸ்ட்டையே எடுத்துட்டேம்மா. அவங்க ஆபீஸ்லேர்ந்து ரெண்டு பேரு வந்து கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாங்க. கேஸு கீஸுன்னு நம்மளால அலைய முடியுமா?”

எடுத்துவிட்டாராம்! நாற்பதாயிரம் பேர் பகிர்ந்து முடித்த பிறகு எடுத்து என்ன, எடுக்காமல் என்ன? அவரிடம் கும்பிடு போட்ட கம்பெனிக்கு அன்புக்கரசியின் வீடு தெரியாது. அவர் காபி சொல்கிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று இறங்கி வந்தாள்.

லபக்கோ ஒரே ஒரு நாள் மூடியிருந்தது. வாசலில் ‘பராமரிப்புப் பணி’ என்று அட்டை. மறுநாளே ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று பேனர் கட்டித் திறந்தார்கள். வரிசை ரோடு வரைக்கும் நின்றது! பூனை என்றும் நாய் என்றும் பொங்கிய ஊர்தான், இலவசம் என்றதும் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றது. அந்த வரிசையைத் தாண்டி உள்ளே போன அன்புக்கரசியைப் பாலகணேஷ் மாடிக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம் தட்டச்சு செய்து தயாராக இருந்தது.

அவள் படித்தாள். ‘பில் பதிவு செய்யும்போது எனது கவனக்குறைவால், சிக்கன் ரோல் என்பதற்குப் பதில் மட்டன் ரோல் என்று பதிவாகிவிட்டது. இதற்கு நானே முழுப் பொறுப்பு.’

“சார், ஆறு மாசமா தெனமும் எனக்குக் கை தவறிச்சா?”

“அன்பு, ப்ளீஸ், புரிஞ்சுக்கோ. இதுல சைன் பண்ணிட்டா உன்னைப் பாலவாக்கம் பிராஞ்சுக்கு மாத்திடறோம். அங்க யாருக்கும் உன்னைத் தெரியாது, சம்பளமும் அப்படியே வரும். பண்ணலேன்னா என் கையில ஒண்ணுமில்ல. நானும் சம்பளக்காரன்தான்.”

“சம்பளக்காரரா? அப்போ நீங்களே போடுங்க சார் கையெழுத்த. நா ஒங்க கைல சொன்னேனா இல்லியா? ஒன் வேலயப் பாருன்னு சொன்னது யாரு?”

பாலகணேஷ் ஃபேனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பதினான்காயிரம் ரூபாய் சின்ன விஷயமில்லை, அதுவும் அம்மாவின் வேலையும் போயிருக்கிற நேரத்தில். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் ஊர் சொன்ன பொய்யெல்லாம் அவளே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். பேட்ஜைப் பையிலிருந்து எடுத்து அந்தக் கடிதத்தின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அதோடு அந்த வேலை போயிற்று.

கீழே நிஷா என்கிற பெண் மைக்கோடு நின்றிருந்தாள். பில்லைக் காட்டிய அதே சேனல்.

“நீங்கதான அன்புக்கரசி? உங்க தரப்பைச் சொல்லுங்கக்கா. கடை பேரு மட்டும் வேணாம், லீகல் பிராப்ளம் வரும்.”

“எம் பேர போடச்சொல்லோ அந்தப் பிராப்ளம் வரலியாம்மா?” என்று கேட்டாள் அன்புக்கரசி. நிஷா மைக்கை இன்னும் கிட்டே நீட்டினாள். அவளும் யாரோ சொன்னதைச் செய்கிறவள்தானே.

அன்புக்கரசி சிவப்பு போர்டுக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். பொட்டலம் எப்படி வரும், ஸ்டிக்கர் யார் ஒட்டுவது, மானேஜரிடம் என்றைக்குச் சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், மாடியில் என்ன கடிதம் கிடக்கிறது, எல்லாம். “எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, தெரிஞ்சும் பேசாம இருந்தேன், அது எந் தப்பு,” என்பதையும் மறைக்காமல் சொன்னாள். லபக்கோ என்ற பெயரை மூன்று தடவை, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வரிசையில் நின்றவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். வரிசையை விட்டு யாரும் வெளியே வரவில்லை.

ஏழு மணிச் செய்திக்குப் பெரும்பாக்கத்து வீட்டில் இடமில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்ட எதிர்வீட்டுக்காரி முதல் ஆளாக வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். செண்பகம் கைகளைப் பிசைந்துகொண்டு சுவரோரம் நின்றாள். செய்தி வந்தது. பின்னால் இருந்த போர்டு கலங்கலாகத் தெரிந்தது. அவள் கடைப் பெயரைச் சொன்ன மூன்று இடத்திலும் காது கிழிகிற மாதிரி கீங் என்று ஒரு சத்தம். பொட்டலம், ஸ்டிக்கர், மானேஜர், கடிதம், ஒன்றையும் காணோம். “எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு” மட்டும் முழுசாக வந்தது. அடியில் பெரிய எழுத்தில் ஓடியது: ‘தெரிந்தே விற்றேன் – பிரபல உணவக ஊழியர் அன்புக்கரசி ஒப்புதல்.’

“இன்னாமா இது, நீ சொன்னது எதையுமே காணோம்?” என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்கே பொறுக்கவில்லை.

‘ஒரு சிறிய இடைவேளைக்குப் பிறகு’ என்றது டிவி. அடுத்த நொடி திரை சிவந்தது. மேளச் சத்தத்தோடு ஆண், பெண், குழந்தை குட்டியெல்லாம் ரோலைக் கடித்துக்கொண்டு ஆடினார்கள். “லபக்கோ! லபக்கோ! லபக்குன்னு வாயில போடு, லபக்கோ!” கலங்கலும் இல்லை, கீங் சத்தமும் இல்லை. முப்பது விநாடிக்குள் அந்தப் பெயரைப் பத்துத் தடவை பாடினார்கள்.

செண்பகம் ரிமோட்டைத் தேடினாள்.

“இருக்கட்டும்மா, அணைக்காத,” என்றாள் அன்புக்கரசி. “துட்டு குடுத்தவன் பேர வூடு வூடா வந்து கூவுறானுங்க. எம் பேரத்தான் ஓசில எடுத்துக்கினானுங்க.”