திருமலைச்சாமி வாங்கிவந்த ஃபேன்

மலைமேல் நாயுடுபுரத்தில் என் தையல் கடைக்கு அடுத்தது திருமலைச்சாமியின் ரேடியோ கடை. அவர் வாய் திறப்பதே அபூர்வம். எனக்கோ பேசாவிட்டால் தலை வெடித்துவிடும். அதனாலேயே எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

எழுபத்தொன்றில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மனைவி ஞானம்மாவோடும் ஆறு வயது மகள் அன்னக்கொடியோடும் வந்து சேர்ந்தவர். அவருடைய தாய்க்கு அந்த நாட்டுக் குடியுரிமை, அவருக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று எவனோ காகிதத்தில் கோடு கிழித்துவிட்டான். ஸ்டேஷனில் அழுத தாயிடம், ஆறு மாதத்தில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார். போக முடியவில்லை. சில வருடம் கழித்து தாய் இறந்த செய்திதான் வந்தது. கடைசிவரை ஸ்டேஷன் பக்கம் போகிறவர்களிடம் மகனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாளாம். பிறகு ஞானம்மாவும் மார்ச்சளியில் போய்விட்டாள். அவருக்கு மிஞ்சியது மகள் மட்டும்தான்.

அன்னக்கொடி டைப்ரைட்டிங் படித்தவள். தொண்ணூற்று மூன்றில் திண்டுக்கல் காய்கறி மண்டி முதலாளி சின்னச்சாமி இங்கே ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்து வைத்தபோது அவளை வேலைக்கு எடுத்தார். பூண்டி, பள்ளங்கி மலைக் கிராமங்களில் ஏற்றுகிற கேரட், பூண்டு லோடு விவரமெல்லாம் அதில் ஏறும். கீழே திண்டுக்கல்லில் வைத்தால் ஏசி போட வேண்டும், மலையில் குளிர் சும்மா கிடைக்கிறது என்பது அவர் கணக்கு.

ஆனால் மெஷின் மத்தியானமானால் நின்றுபோனது. குளிருகிற ஊரில் எப்படிச் சூடாகும் என்று எல்லோரும் குழம்பினோம். திருமலைச்சாமி போய்ப் பார்த்தார். மூடுபனி ஈரம் ஏறாமலிருக்க, நாங்கள் ரேடியோவுக்குச் செய்கிறபடியே, அன்னக்கொடி பெட்டியைச் சுற்றிக் கம்பளித் துணி போர்த்தியிருந்தாள். அதை எடுத்த பிறகும் நின்றது. விரல் விறைத்தால் டைப் அடிக்க முடியாதென்று மேஜைக்கடியில் ஹீட்டர் வைத்திருந்தாள்; அந்த அனல் முழுக்கப் பெட்டிக்குள் போனது. ஹீட்டரை எடுத்தால் பெண்ணின் கை வேலை செய்யாது, வைத்தால் மெஷின் வேலை செய்யாது.

இன்னொரு தடவை நின்றால் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆபீஸையும் மூடிவிடுவேன் என்றார் சின்னச்சாமி.

கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர்தான் கொதிக்கிறது, அதன்மேலேயே ஹீட் சிங்க்கும் ஃபேனும் வைக்க வேண்டும் என்று திருமலைச்சாமி மதுரைக்குப் போனார். ஹீட் சிங்க் என்பது சூட்டை இழுத்துக் காற்றில் விடுகிற அலுமினியக் கட்டி, சீப்பு மாதிரி பல் பல்லாக இருக்கும். கடைக்காரன் இரண்டு ஜோடி காட்டினானாம். மலைக்குச் சின்னதே போதும் என்று அவனே சொல்லியிருக்கிறான். இவர் பெரியதை வாங்கிவந்தார். ஏன் என்று கேட்டேன்.

"புள்ள சோலியில்ல? போதும்கிற அளவுக்கா வாங்குறது?"

பொருத்தினார். ஹீட்டர் எரிய, ஜன்னல் சாத்தியிருக்க, நாள் முழுக்க ஓடியது. அன்னக்கொடி தெரு முழுக்க முறுக்கு கொடுத்தாள். சின்னச்சாமி வந்து பெட்டியின்மேல் கைவைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த அனல்லயே ஓடுதுன்னா திண்டுக்கல் வெயில்லயும் ஓடும்லண்ணே? அப்புறம் இது எதுக்கு மலைமேல கெடக்கணும்? மண்டிக்கே கொண்டு போயிருவோம். புள்ளையும் வரட்டும், என் தங்கச்சி வீட்டுல தங்கிக்கிடட்டும்."

அந்தப் பெரிய ஃபேனைக் கழற்றிவிட்டுச் சின்னதை மாட்டுங்கள், கீழே போனால் நின்றுவிடும், பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று திருமலைச்சாமியிடம் சொன்னேன். அவர் என்மேல் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான். மெஷின் நின்றால் அவள் வேலையும்தான் போகும் என்று கத்திவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஃபேனின் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, பெட்டியை அதே கம்பளியில் சுற்றி வேனில் ஏற்றிக் கொடுத்தார்.

அன்னக்கொடி கிளம்பிய காலையில் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். நீங்கள் வேண்டாமென்றால் போகவில்லை என்று அவள் ஏற்கெனவே அப்பாவிடம் சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருக்கு உள்ளே எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பஸ் உறுமத் தொடங்கியதும் அவள் ஜன்னல் வழியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதீங்கப்பா. ரெண்டு மாசத்துல..."

அவர் அவளை முடிக்கவிடவில்லை.

"மாசக் கணக்கு சொல்லாத, அம்மாடி. சொல்லாமலே வந்துரு."