மெழுகு குடித்த பெயின்ட்

ஷெட் கதவைத் தள்ளித் திறந்தவளுக்கு முதலில் தெரிந்தது அவளுடைய முகம்தான். டிராக்டரின் பானட்டில், தோளில் பையோடு, வாயைப் பிளந்தபடி நின்றிருந்தாள். அப்பாவின் டிராக்டரில் எந்தக் காலத்திலும் யாருக்கும் முகம் தெரிந்ததில்லை.

“எப்படி?” என்று பின்னாலிருந்து கேட்டான் அண்ணன். குரலில் பெருமை தாங்கவில்லை. “கண்ணாடி மாதிரி இல்ல?”

அவள் பானட்டின் மேல் கை வைத்தாள். வழுக்கியது.

“அப்பா பேர்ல கண்காட்சிக்குக் குடுக்கப் போறேன் பாப்பா. அடுத்த வாரக் கடைசில. விண்ணப்ப ஃபாரம் கூட வாங்கிட்டேன். பழமை மாறாத வண்டிகள்னு ஒரு பிரிவு இருக்கு, அதுல.”

“எந்தப் பிரிவுல?”

“பழமை மாறாத வண்டிகள்.”

இரண்டாம் முறை சொன்னபோதும் அவனுக்கு உறைக்கவில்லை. கார் ஷோரூமில் பதினைந்து வருஷமாக விற்பனை பார்ப்பவன். பளபளப்பு என்றால் மரியாதை என்றே அவனுக்குப் பழகிவிட்டது. அப்பா போய் ஏழு வாரம்தான் ஆகிறது. அவருக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அவனுக்குக் கை பரபரத்திருக்கிறது. ஷோரூமுக்கு வழக்கமாக வேலை செய்யும் கார் பெயின்டரைக் கூப்பிட்டு, பதினோரு வருஷ வேலையை நான்கே நாளில் மூடிவிட்டான்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவர். வட்டாரத்தில் அவருக்கு மங்கல் என்று பெயர். ஒரு பண்ணைக்காரர் தன் பழைய வண்டியைப் புதுப்பிக்கக் கொடுத்தார்; அப்பா வேலையை முடித்து, பளபளப்பே இல்லாமல் வெளியே விட்டார். “என்னய்யா இவ்ளோ மங்கலா இருக்கு?” என்று அவர் சத்தம் போட, “பிறந்தப்பவே அப்படித்தாங்க இருந்துச்சு. வயலுக்குப் போற வண்டிதானே இது, கல்யாணத்துக்கா போகுது?” என்று இவரும் விட்டுக்கொடுக்காமல் கத்த, பணிமனையே கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. அன்றிலிருந்து மங்கல் மெக்கானிக். அவருக்கு அதில் துளியும் வருத்தமில்லை. தொலைபேசியில் கூட “மங்கல் பேசறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் டிராக்டரை முழுசாகப் பூட்டி முடித்த பிறகுதான் பெயின்ட் அடிப்பார்கள். போல்ட், பைப், ரப்பர் எல்லாவற்றின் மேலும் ஒரே வீச்சில் அடித்துத் தள்ளுவார்கள். வழிந்தது வழிந்தபடி காயும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பு அப்படியே தெரியும்.

இந்த வண்டியை ஒரு மரமில்லின் பின்னால், முள்ளுக்குள் கண்டுபிடித்தார். அவரைவிட நான்கு வயது மூத்தது. பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தார். பெயின்ட் அடிக்கவில்லை. இருந்த பெயின்டைக் காப்பாற்றினார். சோப்புத் தண்ணீரில் ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிட்டு, மெழுகை விரலால் தேய்ப்பார். சுண்ணாம்பாக வெளிறிப் போயிருந்த பழைய பெயின்ட் அதை உறிஞ்சிக்கொள்ளும். “குடிக்குது பாரு, குடிக்குது பாரு” என்பார்.

இடது மட்கார்டில், சீட்டுக்குப் பக்கத்தில், மூன்று விரல் தடம் இருந்தது. தொழிற்சாலையில் எவனோ ஈரப் பெயின்டில் கை வைத்துவிட்டான். அப்பா அவனைப் பங்காளியைப் போல ‘நம்ம ஆளு’ என்பார். வண்டி பார்க்க வருகிற ஒவ்வொருவரையும் அதில் விரல் வைக்கச் சொல்வார். பொருந்தாவிட்டால், “உங்க கை பெருசு, நீங்க இல்ல, போங்க” என்று கேலி செய்வார்.

முன்பக்கக் கிரில் மட்டும் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருந்தது. அதைப் புதிதாகச் செய்து, பெயின்ட் அடித்து, உட்புறத்தில் எண் அச்சுகளைச் சுத்தியலால் தட்டி மாதமும் வருஷமும் பதித்தார். “நாளைக்கு எவனும் இதைப் பழசுன்னு நம்பிடக் கூடாது” என்று காரணம் சொன்னார். எந்த வண்டியில் எதைப் புதிதாகப் போட்டாலும் அப்படித்தான். வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும் என்பார்.

அவளுக்கு ஃபிரிட்ஜ் கதவு செய்யும் தொழிற்சாலையில் பெயின்ட் சோதனை வேலை. பளபளப்பை அளக்கும் கருவியை ஒருமுறை இந்த பானட்டின் மேல் வைத்துக் காட்டினாள். இருபத்தாறு என்று காட்டியது. “நான் கணக்குல வாங்கின மார்க்கு” என்றார் அப்பா.

இப்போதும் கருவி பையில்தான் இருந்தது. எடுத்து வைத்தாள். தொண்ணூற்றிரண்டு.

“பார்த்தியா, தொண்ணூத்திரண்டு!” என்றான் அண்ணன்.

“என் ஃபிரிட்ஜ் கதவே எண்பத்தஞ்சுதான் அண்ணா.” இடது மட்கார்டுக்குப் போனாள். மொழுமொழுவென்று இருந்தது. “இங்க மூணு விரல் இருந்துச்சே?”

“அந்தக் குழியா? பெயின்ட் மாஸ்டர் பட்டி வச்சு அடைச்சு சமமாக்கிட்டாரு. டேமேஜ்தானே அது.”

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. “டேமேஜா? அப்பா உன் விரலைப் பிடிச்சு அதுல வைக்கலையா? எத்தனை தடவை வச்சாரு? ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ ஒரு பரீட்சை வைப்ப. அப்பாவுக்கு நான் ஒண்ணு செய்யக் கூடாதா? அவரு உனக்கு மட்டும் அப்பாவா?”

“செய்யறதுக்கும் அழிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியலையா உனக்கு?”

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். கையில் பாதி மடித்த போர்வை. “பதினோரு வருஷம் ஞாயித்துக்கிழமையானா அந்த மனுஷன் என் மூஞ்சியைப் பார்த்ததில்ல, இந்த வண்டி மூஞ்சியைத்தான் பார்த்தாரு. இப்ப நீங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சிட்டீங்களா? அவன் ஆசைப்பட்டு செஞ்சான். விடுடி.”

“ஆசைப்பட்டா எதை வேணா செய்யலாமாம்மா?”

அம்மா போர்வையை மடித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று மூவரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் கார் பெயின்டரின் கடைக்குப் போனாள். நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் போனாள். தின்னர் வாடைக்கு நடுவில் ஒரு கார் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். இவள் யாரென்று சொன்னதும், இவள் வாய் திறப்பதற்குள் அவரே புலம்பத் தொடங்கினார்.

“அந்த வண்டியா மேடம்! உயிரை வாங்கிடுச்சு. பெயின்ட் உக்காரவே மாட்டேங்குது. அடிக்க அடிக்கச் சின்னச் சின்னக் குழியா விழுது. யாரோ அதுக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டியிருக்காங்க போல.”

“மெழுகு,” என்றாள். “பதினோரு வருஷ மெழுகு.” பிறகு, தொழில் புத்தி விழித்துக்கொள்ள, “அடிக்கறதுக்கு முன்னாடி தேய்ச்சீங்களா?” என்று கேட்டாள்.

“பானட்டை மெஷின் போட்டு தகடு தெரியற வரைக்கும் தேய்ச்சேன் மேடம், பொய் சொல்ல மாட்டேன்.”

“மட்கார்டு?”

அவர் தலையைச் சொறிந்தார். “வளைவுல மெஷின் போகாது. தின்னர் துணியால ஒரு துடை துடைச்சு, அந்தக் குழியில பட்டியை வச்சு, மேலாப்புல அடிச்சிட்டேன். பக்கத் தகடும் அப்படித்தான். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“உங்க சோம்பேறித்தனத்துக்கு ரொம்ப நன்றிங்க” என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். அவர் உப்புத்தாளைப் பிடித்தபடி விழித்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அகலமான ஒட்டு டேப் ஒரு சுருள் வாங்கினாள். ஷெட்டில் மட்கார்டின் விளிம்பில் பிளேடை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கோடு கீறினாள். தினமும் ஃபிரிட்ஜ் கதவுகளில் செய்கிற சோதனைதான்.

“ஏய்! என்ன பண்ற!” அண்ணன் ஓடி வந்தான். “பைத்தியமா உனக்கு?”

“அடியில பிடிமானம் இருந்தா டேப்போட வராது. வந்தா, அடியில அப்பாவோட மெழுகு இன்னும் இருக்குன்னு அர்த்தம்.”

டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, வெடுக்கென்று இழுத்தாள். கீறிய கட்டங்கள் மட்டுமல்ல, சுற்றியிருந்த பெயின்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோலாக உரிந்து வந்தது. அடியில் அந்தப் பழைய வெளிறிய நிறம். விரலால் தொட்டாள். மெழுகு பிசுபிசுத்தது.

அவள் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துவந்து சூடு காட்டினாள். பிளாஸ்டிக் அட்டையை ஓரத்தில் செருகி நெம்பினாள். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்து நகத்தால் உரிக்கத் தொடங்கினான். சீட்டுக்குப் பக்கத்தில் பட்டி ஒரே வில்லையாகப் பெயர்ந்து விழுந்தது. மூன்று விரல்.

“எல்லாம் அப்படியே இருக்கே” என்றான்.

“எல்லாம் இல்ல” என்றாள் அவள். பானட்டில் டேப்பை ஒட்டி இழுத்துக் காட்டினாள். ஒரு துணுக்கு கூட வரவில்லை. “இதுக்கு அடியில ஒண்ணும் இல்ல. தகடுதான். தொழிற்சாலையில அடிச்சது, அப்பா தேய்ச்சது எல்லாம் உன் மாஸ்டர் மெஷின்ல தூளாப் போச்சு. அதை நான் எதை வச்சும் திருப்பிக் கொண்டுவர முடியாது.”

மூன்று நாள் சேர்ந்து உரித்தார்கள். மட்கார்டுகளும் பக்கத் தகடுகளும் மங்கலாகத் திரும்பி வந்தன. நடுவில் பானட் மட்டும் ஃபிரிட்ஜ் போல ஜொலித்தது.

“பானட்டையும் மங்கலா அடிச்சிட்டா?” என்றான் அண்ணன் மூன்றாம் நாள். “மாஸ்டர் அப்படியும் அடிப்பாராம். ஒரே மாதிரி ஆயிடும். யாருக்கும் தெரியாது.”

அவள் கையிலிருந்த அட்டையை வீசி எறிந்தாள். “யாருக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது! மட்கார்டுல துடைச்சிட்டு அடிச்சப்ப உன் மாஸ்டரும் இதைத்தான் நினைச்சிருப்பாரு. அப்பா எதுக்கு கிரில்லுக்கு உள்ள தேதி போட்டாரு? யாருக்கும் தெரியாமப் போகக் கூடாதுன்னுதானே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அலமாரிக்குப் போய், எதையோ உருட்டி, அப்பாவின் எண் அச்சுப் பெட்டியை எடுத்துவந்தான். பானட்டைத் தூக்கி நிறுத்தி, உட்புறத்தில் அச்சை வைத்தான். அவள் பிடித்துக்கொண்டாள். அவன் சுத்தியலால் தட்டினான். இந்த மாதம், இந்த வருஷம். அப்பாவின் எண்கள் நூல் பிடித்தாற்போல் இருக்கும். இவனுடையவை ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன.

கண்காட்சி விண்ணப்ப ஃபாரத்தில் ‘பழமை மாறாத’ என்பதை அவள் அடித்துவிட்டு, ‘பொது’ என்று எழுதினாள். வண்டியின் நிலை என்ற கட்டத்தில் எழுதினாள்: கிரில் புதியது, தேதி உள்ளே. பானட் இந்த மாதம் கெட்டது, தேதி உள்ளே. மற்றவை அப்படியே.

அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். “கெட்டதுன்னேதான் எழுதணுமா?”

“வேற என்னன்னு எழுத?”

அவன் அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதே வரியின் கீழே, சின்ன எழுத்தில் எழுதினான்: கெடுத்தது, மகன்.

அவள் அதை அடிக்கவில்லை.