ஏணி சாத்திய வீடு

பிளாஸ்டிக் வாளியில் விழும் சொட்டுக்குக் குரலே கிடையாது. தொப்பென்று விழுந்து செத்துவிடுகிறது. காங்கிரீட் கூரை ஒழுக, சிமெண்டு பூச வருவதாகச் சொன்ன ஆளுக்காகக் காலையிலிருந்து வாசலைப் பார்த்து அலுத்த கண்ணோடு நான் உட்கார்ந்திருக்க, தென்காசி வீட்டு அடுக்களையில் பித்தளை அண்டாவும் ஈயச்சட்டியும் அலுமினியப் ‘போணி’யும் ஆளுக்கொரு சுருதியில் சொட்டு வாங்கிய அந்தச் சாரல் காலம் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். கல்யாணமாகிக் கொழும்புக்குப் போன சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, முதன்முறையாக ஊருக்கு வந்திருந்தாள். சின்ன வயசில் நின்றதுபோல அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு குற்றாலத்து அருவிக்குள் ஒரு நாளாவது நிற்க வேண்டும். கடல் தாண்டி அவள் வந்ததே அதற்குத்தான்.

குறுக்கே வந்தது ஓர் ஏணி.

ஓடு மாற்றும் மாடசாமி, சாரலுக்கு முன்பே முடித்துவிடுவதாகச் சொல்லி, அடுக்களைக் கூரையில் நாலைந்து ஓடுகளைக் கழற்றி, திறந்த இடத்தில் ஓலைப்பாயைப் போட்டு, மூங்கில் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு, “இந்தா வந்துருதேன் தங்கச்சி” என்று போனவர்தான். ஒருவர் ஏணி சாத்திய வீட்டில் இன்னொரு ஓட்டுக்காரர் ஏறமாட்டார். அது அந்தத் தொழிலில் கட்டுப்பாடு. ஏணியை எடுத்துக் கீழே போட்டாலோ, கோபித்துக்கொண்டு வராமலே போய்விடுவார். அப்பா ஆலங்குளத்துக் கடைக்கு விடியுமுன் பஸ் ஏறினால் விளக்கு வைத்துத்தான் திரும்புவார். கூரை திறந்து, ஏணியும் சாத்தியிருக்கிற வீட்டை எப்படிப் பூட்டிப்போட்டுப் போவது? “மாடசாமி அண்ணாச்சி வந்துட்டுப் போவட்டும், போவோம்” என்றாள் அம்மா. தினமும் அதையேதான் சொன்னாள்.

சித்திக்குப் பொறுக்கவில்லை. “நீ அத்தானுக்கு வாக்கப்பட்டியா, இந்த ஏணிக்கு வாக்கப்பட்டியாக்கா?” என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே அண்டாவை நகர்த்தி வைப்பாள்.

ஒருநாள் கோபத்தில் சித்தி என்னை மட்டும் இழுத்துக்கொண்டு ஜட்காவில் குற்றாலம் போனாள். பேரருவி இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய் வழுக்கும் பாறையில், வெளியூர்த் தொந்திக்காரர் ஒருவரின் முதுகில் பட்பட்டென்று அறைந்துகொண்டிருந்தவர் மாடசாமி. கூரையை ஒழுக வைக்கிற மழையே கூரைக்காரரை எண்ணெய் தேய்க்கக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

“ஏட்டி, இங்கன என்ன செய்யுத?” என்றார் என்னைப் பார்த்து, கை நிற்காமல். “நனைஞ்ச ஓட்டுல கால வச்சா வழுக்கிரும்லா. அம்மைட்ட சொல்லு, நாளைக்கு வெள்ளன வந்து நிப்பேன்.”

“எந்த நாளைக்கு?” என்றாள் சித்தி. தொந்திக்காரர்தான் சிரித்தார்.

நான் வந்து சொன்னதை அம்மா நம்பினாள். மறுநாள் இருட்டோடு எழுந்து, அவருக்கும் சேர்த்து இட்லி அவித்துவிட்டு வாசலில் நின்றாள். இட்லி ஆறியது. சாரல் வலுத்தது.

சித்தி புறப்படும் நாளன்று பார்த்து மழை விட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. அருவி நூலாகியிருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போக ஜட்கா வந்து நிற்கவும் மாடசாமி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. “வெயிலு இருக்கையிலேயே முடிச்சிருவோம். கீழ பாசி வழுக்குது, ஏணிக்காலப் பிடிச்சுக்கோ தங்கச்சி” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் ஏறிவிட்டார்.

அந்த ஓடும் இல்லை, ஏணியும் இல்லை, ஜட்காவும் இல்லை. சித்தி அப்புறம் வரவேயில்லை; அம்மாவும் போய்விட்டாள். சிமெண்டுக்காரர் இன்னும் வரவில்லை. வாளிச் சொட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், ஜட்காவுக்குள்ளிருந்து சித்தி எட்டிப் பார்ப்பதுதான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இரண்டு கையும் ஏணியில் இருக்க, அம்மா முகத்தை மட்டும் திருப்பினாள். கண்ணைத் துடைக்கக்கூடக் கை இல்லை.

“விட்டுராதக்கா,” என்றாள் சித்தி. “அண்ணாச்சி விழுந்துருவாவ.”